இன்னொருக்கா முங்குலே, கொம்பையா

மூக்கில் ஏறிய ஆற்றுத் தண்ணீர் முதலில் சுரீரென்று எரியும். பிறகு தொண்டைக்குப் பின்னால் இனிக்கும். தாமிரபரணித் தண்ணீருக்கு அந்த இனிப்பு உண்டு. வாயால் குடித்தவர்களுக்கே தெரியும், மூக்கால் குடித்த எனக்குத் தெரியாமல் இருக்குமா.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அதிகம் பேசுகிறவளும் இல்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, ஆற்றின் தென்கரையில் இருந்தது. மேலே கல்படி போட்ட துறை பெரிய வீட்டாருடையது. நாங்கள் அவர்கள் வயலில் வேலை செய்கிறவர்கள். எங்கள் துறை கீழே. அதற்குப் படி கிடையாது, மணல்தான். அவர்கள் குளித்த தண்ணீர் எங்களிடம் வரும். நாங்கள் குளித்த தண்ணீர் கீழே கடல் வரைக்கும் எல்லாச் சாதிக்கும் போகும்.

இரண்டு துறைக்கும் நடுவில், மருத மரத்தடியில் ஒரு பள்ளம். "ஆனைப் பள்ளம்" என்போம். அதில் முங்கி, அடியில் கிடக்கிற மணலில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து காட்டினால்தான் பெரிய பிள்ளை என்று சேர்த்துக்கொள்வார்கள். என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் அள்ளிவிட்டார்கள். எனக்கு மட்டும் அடி தட்டவில்லை. பாதியிலேயே பயம் வந்து மேலே வந்துவிடுவேன். மூக்கு எரியும். இருமுவேன். உடனே கரையிலிருந்து ஒட்டுமொத்தமாகச் சத்தம் வரும்:

"இன்னொருக்கா முங்குலே, கொம்பையா!"

நான் பெண்பிள்ளை. என் பெயர் வள்ளி. ஆனாலும் அந்த நேரத்தில் நானும் கொம்பையாதான். யாரானாலும் கொம்பையாதான். அந்தச் சத்தம் கேட்டால் இருமல் நின்றுவிடும். சிரித்துக்கொண்டே மறுபடி தலையைக் கவிழ்ப்பேன்.

ஆற்றில் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் எதற்கும் அதுதான். கன்றுக்குட்டி மடியைத் தேடி முட்டித் தடுமாறினால் அதைச் சொல்வார்கள். மழையில் நனைந்த விறகு பற்றாமல் புகைந்தால் ஊதுகுழலை எடுத்துக்கொண்டு அடுப்பிடம் சொல்வாள் என் அம்மா. வண்டிச் சக்கரம் சேற்றில் புதைந்தால் நாலு ஆள் தோள் கொடுத்து, மூச்சை இழுத்து, எல்லாரும் ஒரே குரலில் சொன்னபிறகுதான் தள்ளுவார்கள். மருத்துவச்சி முத்தம்மா பிள்ளை பெறுகிறவள் காதில் சொல்வாள். நானே அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வெளியே வந்தவளாம். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் முதலில் அழுகிற சத்தம் கேட்டிருக்கும், எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கொம்பையா சத்தம்.

கொம்பையா யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வைகாசியில் என் அண்ணன் சுடலைமுத்துவுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் பாபநாசம் பக்கத்துக்காரி, பெயர் பேச்சியம்மாள். மலையடிவாரத்தில் விறகு வெட்டிப் பிழைக்கிற குடும்பம். கல்யாணம் அவர்கள் ஊரில்தான். அங்கே காது சரியாகக் கேட்காத ஒரு கிழவர், பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவர், எல்லாருக்கும் மலைவாழைப்பழம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "செவிட்டுப் பாட்டையா" என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் தாத்தாவைப் பாட்டையா என்போம். அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை. பழம் நன்றாக இருந்தது, தின்றோம், வந்துவிட்டோம்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். புதுப்பெண் வந்த மறுநாள் காலையில் தெருப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அவளை ஆற்றுக்குக் கூட்டிப் போவோம். முதல் குடம் மொள்ளுவதற்கு முன்னால் அவள் முங்கி எழ வேண்டும். எழுந்தால் விடமாட்டோம், கத்துவோம். மறுபடி முங்குவாள். மறுபடி கத்துவோம். மூச்சு வாங்கி, சேலையெல்லாம் ஒட்டிக்கொள்ள, "போதும் தாயி, விடுங்க" என்று கும்பிடுகிற வரைக்கும் விடமாட்டோம். அதற்குப் பிறகு அவள் எங்கள் ஊர்க்காரி.

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் மைனி என்போம். மைனி முங்கி எழுந்தாள். நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம்.

அவள் முங்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்தாள். காது கேட்கவில்லை போல என்று நாங்கள் இன்னும் சத்தமாகக் கத்தினோம். அவள் வெறுங்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறி நடந்தாள். புதுப்பெண் வெறுங்குடத்தோடு வீடு திரும்பியதை எங்கள் தெரு அன்றுதான் பார்த்தது.

நான் பின்னாலேயே ஓடினேன்.

"மைனி, என்ன மைனி?"

"கொம்பையா யாருட்டி?"

"யாருமில்ல மைனி. சும்மா சொல்லுததுதான்."

"எங்க பாட்டையா பேருட்டி அது."

முற்றத்தில் குடத்தை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். அம்மா, அண்ணன், அய்யா எல்லாரும் இருந்தார்கள். அய்யா என்றால் என் அப்பா.

கொம்பையா இந்த ஊர்க்காரர்தான். வாலிபத்தில் இந்த ஆற்றில் அவரைப்போல முங்குகிறவர் கிடையாது. ஒரு மார்கழிக் காலையில் பெரிய வீட்டில் வெள்ளிக் கிண்ணத்தைக் காணவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன இடத்தில் ஆற்றோடு போயிருக்கும் என்றார்கள். வயலிலிருந்து கொம்பையாவைக் கூப்பிட்டு முங்கச் சொன்னார் அந்தக் காலத்துப் பெரிய வீட்டுக்காரர். முங்கினார். இல்லை என்றார். கல்படியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தவர் சொன்ன சொல்தான் "இன்னொருக்கா முங்குலே, கொம்பையா". உச்சி வரைக்கும் அதையே சொன்னார். கொம்பையாவுக்கு உதடு நீலமாகி, இடது காதில் ரத்தம் வந்தது. அப்போதும் சொன்னார். பிறகு வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தது. கிண்ணம் எண்ணெய்ச் செம்புக்குள்ளேயே இருக்கிறதாம், ஆற்றுக்கே வரவில்லையாம். பெரிய வீட்டுக்காரர் சிரித்தார். கரையில் நின்ற நம் ஆட்களும் சிரித்தார்கள். கொம்பையா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஆற்றோரமாகவே மேற்கே பார்த்து நடந்து, மலையடிக்குப் போய்ச் சேர்ந்தார். பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. இதை அவர் சொல்லவில்லை, அவர் பெண்டாட்டி சொல்லித்தான் மைனிக்குத் தெரியும்.

"அப்ப இத்தன வருசமா இந்த ஊரு எங்க பாட்டையாவ முக்கிக்கிட்டே இருந்திருக்கு," என்றாள் மைனி. அழவில்லை. "ஆடிக்கு என்ன அழைச்சிட்டுப் போக ஆளு வரும்லா. போறேன். ஆவணிக்குத் திரும்பி வரமாட்டேன்."

அண்ணன் அய்யாவைப் பார்த்தான். புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதும் ஆவணியில் கொண்டுவந்து விடுவதும் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். திரும்பி வராவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும்.

அய்யா பேசுகிற ஆள் இல்லை. "இனிமே இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேண்டாம்," என்றார். சாயங்காலம் தெருவையும் கூட்டி அதையே சொன்னார்.

தெரு சும்மா இருக்குமா. "சொன்னவன் செத்துச் சாம்பலாயிட்டான். நாம நல்லதுக்குத்தானவே சொல்லுதோம். அது ஆத்துக்கல்லு மாதிரி உருண்டு உருண்டு முனையெல்லாம் போயிட்டுல்லா," என்றார் ஒருவர்.

"முனை போனது ஒங்களுக்கு," என்றாள் மைனி, வாசலுக்கு உள்ளே நின்றபடி.

மருத்துவச்சி முத்தம்மாவுக்குத்தான் கோபம். "ஏட்டி, நீயும் நாளைக்குப் பிள்ள பெறுவ. அப்ப ஒன் காதுல நான் என்னத்தச் சொல்ல? ஒன்னு ரெண்டா சொல்ல?"

ஆனாலும் எல்லாரும் கட்டுப்பட்டார்கள். அந்த ஆனி மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வாய்க்கு வந்த சொல்லைப் பாதியில் விழுங்குவது லேசுப்பட்ட காரியமா. "இன்னொருக்கா" என்று ஆரம்பித்துவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொள்வார்கள். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. நாலு பேரும் தோள் கொடுத்தார்கள். ஒருவன் "இன்னொருக்கா..." என்று இழுத்துவிட்டு, "தள்ளுங்க" என்றான். ஆளுக்கு ஒரு நேரம் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. பிள்ளைகள் நாங்கள் ஆற்றில் "முங்குலே, சுப்பையா" என்று பார்த்தோம். எங்களோடு ஒரு சுப்பையா இருந்தான், அவன் அழுதுவிட்டான். "முங்குலே, ராசா" என்று பார்த்தோம். உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. நான் ஆனைப் பள்ளத்தில் பாதி போய்ப் பாதி திரும்பிக்கொண்டிருந்தேன். கரையில் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். அது கேலியை விட மோசமாக இருந்தது.

மைனி வேலையில் குறை வைக்கவில்லை. நடுவாள், களை எடுப்பாள், எனக்கு ஈர்கொல்லியால் பேன் வாருவாள். பேச்சுத்தான் இல்லை. அண்ணன் அவளுக்கு என்று மருதாணி பறித்து வந்து வைப்பான். அது காய்ந்து கிடக்கும்.

ஆடி பிறந்தது. அழைத்துப் போக மைனியின் அப்பா வருவார் என்றிருந்தோம். செவிட்டுப் பாட்டையாவே புறப்பட்டுவிட்டார் என்று முந்தின நாள் சேதி வந்தது.

வீட்டில் ஒருவருக்கும் கை கால் ஓடவில்லை. அம்மா முற்றத்தைச் சாணி போட்டு மெழுகிக் கோலம் போட்டு, கருப்பட்டிப் பணியாரம் சுட்டு மூடி வைத்தாள். அய்யா காலையிலிருந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே நின்றார். தெரு அமைதியாக இருந்தது. மைனி மூட்டை கட்டிவிட்டாள். கொண்டுவந்த சேலை எல்லாம் அதற்குள் இருந்தது. ஒரு மாதத்துக்குப் போகிறவள் கட்டுகிற மூட்டை இல்லை அது.

கிழவர் தூரத்தில் வரும்போதே சத்தம் கேட்டது. காது கேட்காதவர்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள், இவர் சத்தமாகச் சிரித்துக்கொண்டும் வந்தார். தோளில் ஒரு குலை மலைவாழை.

"என்னவே இது, எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கிய?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவரே சொன்னார்: "ஓடத்துல வந்தேன். நடு ஆத்துல கழி சகதில மாட்டிக்கிட்டு. ஓடக்காரன் இழுக்கான், வரல. சொல்லுதான், இன்னொருக்கா முங்குலே கொம்பையான்னு! கழி வந்துட்டு! யாருவே அந்தக் கொம்பையான்னு கேட்டேன். தெரியாது பாட்டையா, அந்தக் காலத்துல பெரிய முங்குக்காரனாம், தேடுனத எடுக்காமக் கரையேற மாட்டானாம்ங்கான். ஒரு கிண்ணத்தையும் நான் எடுக்கலியேல!"

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. வடகரைக்காரனான அந்த ஓடக்காரனுக்கு எங்கள் தெருக் கட்டுப்பாடு தெரியாது.

"சிரிக்காதிய பாட்டையா," என்றாள் மைனி. அவருடைய நல்ல காதுப் பக்கம் போய் நின்றாள். "அது அவன் சொன்ன சொல்லு."

"ஆமா. அவன் ஒரு காலையில சொன்னான். பொறவு சொன்னது யாரு? பிள்ள பெறுதவளுக்குச் சொல்லுவாகளாம், கன்னுக்குட்டிக்குச் சொல்லுவாகளாம், ஓடக்காரன் சொன்னான். நான் மலையடியில கெடந்து, இந்த ஊரு என்ன மறந்துட்டுன்னுல்லா நெனச்சேன். தெனமும் என் பேரச் சொல்லியிருக்காகட்டி!"

"அன்னைக்குக் கரையில நின்னு சிரிச்சதும் இவுகதான்."

கிழவர் வாழைக்குலையைக் கீழே இறக்கி வைத்தார்.

"ஆமா," என்றார். "சிரிச்சாக."

அப்போது அய்யா பேசினார். "நானும் சிரிச்சேன். எங்க அம்மா இடுப்புல இருந்தேன். எல்லாரும் சிரிச்சாக, எனக்கும் சிரிப்பு வந்துட்டு. ஏன்னு தெரியாது. ஒங்க காதுல ரத்தம் வந்ததும் நெனப்பிருக்கு. ரெண்டும் நெனப்பிருக்கு."

அய்யா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டுதான் அடுப்படியில் அம்மா அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து வெளியே போயிருக்கிறார் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கிழவர் அய்யாவையே பார்த்தார். "எந்தப் பக்கம்லே நின்னிய?"

"மருத மரத்துப் பக்கம்."

"அப்ப அது இடதுபக்கம். அந்தக் காதுதான் அடைச்சுப் போச்சே. ஒன் சிரிப்பு என் காதுல விழலலே!" என்று அய்யாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அய்யா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெருவில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

மைனி சிரிக்கவில்லை.

"பாட்டையா விட்டுட்டாரு. அது அவரு மனசு. நான் அப்படி இல்ல," என்றாள். பிறகு அய்யா பக்கம் திரும்பினாள். "மாமா, சொல்லுங்க. வேண்டாங்கல. ஆனா கொம்பையா யாருன்னு எந்தப் பிள்ள கேட்டாலும் முழுசும் சொல்லணும். கிண்ணம் வீட்டுலயே இருந்ததச் சொல்லணும். காது போனதச் சொல்லணும். நாம சிரிச்சதையும் சொல்லணும்."

"சொல்லுதோம்மா," என்றார் அய்யா.

"கேக்காட்டா?" என்றாள் முத்தம்மா.

"கேக்காட்டாலும்."

பணியாரம் தின்று முடித்ததும் கிழவர் ஆற்றுக்குப் போகலாம் என்றார். தெரு முழுக்க அவர் பின்னால் போனது. ஆடிச் சாரலில் ஆறு புதுத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. அவர் கோவணத்தோடு இறங்கி, ஒரு முங்கு முங்கி எழுந்து, எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் மைனியைப் பார்த்தோம். அவள் மருத மரத்தில் சாய்ந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு மாதமாக விழுங்கின சத்தம் அத்தனையும் ஒன்றாக வெளியே வந்தது.

"இன்னொருக்கா முங்குலே, கொம்பையா!"

அந்த வயதான மனிதரைப் போய் "லே" என்று கூப்பிட்டோமே என்று எங்களுக்கே திடுக்கென்றது. அவர் வாயெல்லாம் பல்லாகத் தலையைக் கவிழ்த்தார். எழவில்லை. ஆறு அவர் போன இடத்தை மூடிவிட்டது. நாங்கள் கீழ்ப்பக்கம் பார்த்தோம். இல்லை. அண்ணன் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கப் போனான். அம்மா "அம்மா தாயே" என்றாள். மைனி மரத்தைவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு வந்துவிட்டாள்.

அப்போது மேலேயிருந்து இருமல் சத்தம். போகிற தண்ணீரை எதிர்த்து, ஆனைப் பள்ளத்தின் அடியோடு போய், பெரிய வீட்டுத் துறையின் கல்படியில் ஏறி உட்கார்ந்திருந்தார் கிழவர். காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, குடுமியை அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருந்தார். உச்சி நேரம், அங்கே ஆள் இல்லை. அந்தப் படியில் எங்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மைனி அங்கேதான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏட்டி வள்ளி," என்று அங்கிருந்தே கத்தினார் கிழவர். "நீ மண்ணெடுக்கலியாமே! முங்கு பாப்பம்!"

தெருவே கத்த, நான் தலையைக் கவிழ்த்தேன். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் மங்கலாகக் கூடவே வந்தது. அடி தட்டியது. ஒரு கை மண்ணோடு வந்தேன். மூக்கு எரிந்தது. பிறகு இனித்தது.

மறுநாள் மைனி மூட்டையோடுதான் போனாள். ஆடிக்குப் போகத்தானே வேண்டும். அந்த மாதம் முழுக்க அண்ணன் சாப்பிடும்போதெல்லாம் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ஆவணி முதல் வாரத்தில் ஓடம் அவளைக் கொண்டுவந்து விட்டது. கைமுழுக்க மருதாணி. வீட்டுக்குள் போனவள் குடத்தோடு வெளியே வந்து நேரே ஆற்றுக்கு நடந்தாள். பிள்ளைகள் சத்தம் காட்டாமல் பின்னால் போனோம். முங்கி எழுந்தாள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

"என்னட்டி, எல்லாருக்கும் வாய் அடைச்சுப் போச்சா?" என்றாள்.

அவள் கும்பிடுகிற வரைக்கும் விடவில்லை.

மைனி எழுபது வயதுக்கு மேல் இருந்தாள். ஆறு பிள்ளை பெற்றாள், ஆறுக்கும் முத்தம்மா அவள் காதில் அதைச் சொன்னாள். மைனி மட்டும் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. யாராவது சொன்னால் பக்கத்தில் சின்னப் பிள்ளை நிற்கிறதா என்று பார்ப்பாள். நின்றால் கூப்பிட்டு உட்கார வைப்பாள்.

இப்போது ஆனைப் பள்ளம் இல்லை. மணல் ஏறித் தூர்ந்துவிட்டது. ஓடம் போய்ப் பாலம் வந்துவிட்டது. கல்படி பெயர்ந்து கிடக்கிறது, பெரிய வீட்டில் ஆளே இல்லை. யார் வேண்டுமானாலும் அந்தப் படியில் உட்காரலாம், உட்காரத்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் குழாயடியில் குளிக்கிறார்கள். மூக்கில் தண்ணீர் ஏறின பிள்ளை எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது.

சொல் மட்டும் இருக்கிறது. நேற்றுக் காலையில் என் பேரன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். புறப்படவில்லை. "இன்னொருக்கா முங்குலே, கொம்பையா" என்று இன்னொரு உதை உதைத்தான். வண்டி பிடித்துக்கொண்டது, போய்விட்டான். கொம்பையா யார் என்று அவன் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்று மைனி சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டேன்.